அன்னாசிக் கறை

இரவு பதினொன்றே கால். கோட்டையில் கடையைப் பூட்டிக்கொண்டு
காலிமுகத்திடல் ஓரமாய் பஸ்ஸுக்கு நடக்கிறேன்.
தோள்பையில்
துவாயில் சுற்றிய கத்தி.

பொலிஸ்காரர் டோர்ச்சை முதலில் பையில் அடித்தார்,
பிறகுதான் முகத்தில்.

என்ன அது?
பிஹிய, என்றேன்.
சமையலறைச் சிங்களம் எனக்குச் சரளம்:
கத்தி, மீன், ஐஸ், கெதியாய், மன்னிக்கவும்.

அடையாள அட்டை கேட்டார்.
அருள்நேசன் பிரமிளா.
சிங்களத்தில் சரியாக,
தமிழில் ஒரு கால் குறைவாக.

பிரி, என்றார். பிரித்தேன்.

வெளிச்சம் அலகில் விழுந்தது.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிளேன்டீயில் பால் ஊற்றிக் கரண்டி போடுமுன்
ஒரு கணம் சுருள் சுருளாய் நிற்குமே,
அந்தக் கணத்தை யாரோ இரும்பில் நிறுத்தியிருந்தார்கள்.

கீறினதா?
இல்லை சேர். உள்ளே இருந்தது.
மெது இரும்பும் வன் இரும்பும் மாறி மாறி அடுக்கி
நெருப்பில் ஒட்டவைத்து, அடித்து, நீட்டி,
கடைசியில் அமிலத்தில் முக்குவார்கள்.
ஒன்று கறுத்துப் போகும், மற்றது கறுக்காது.
கோலம் அவ்வளவுதான்.

அப்ப இந்தக் கோலமா வெட்டுது?
இல்லை. வெட்டுவது நடுவில் இருக்கிற
ஒற்றைத் தகடு.
அதில் ஒரு கோலமும் இல்லை.

விலை கேட்டார். சொன்னேன். விசிலடித்தார்.
பதினாலு மாசச் சீட்டு, என்றேன்.
களவில்லை என்று சொல்லத்தான்.

பிடிக்குக் கிட்டே நாலு எழுத்து.
இது என்ன?
செய்தவர் பெயராம். எனக்கு வாசிக்கத் தெரியாது.
வாசிக்கத் தெரியாத பெயரையா காவித் திரிகிறாய்?
சொல்லிவிட்டு
கையிலிருந்த என் அட்டையைப் பார்த்தார்,
அதில் தனக்கு விளங்காத பாதியை.
பிறகு கடலைப் பார்த்தார்.

வெட்டுமா?

இஷாக் வண்டிலை மூடிக்கொண்டிருந்தார்.
மிச்சம் அரை அன்னாசி.
பலகையில் வைத்து
அலகின் பாரத்தை மட்டும் அதன்மேல் விட்டேன்.
நான் அமத்தவில்லை. இழுத்தேன், அவ்வளவுதான்.
துண்டைத் தூக்கி டோர்ச்சுக்கு முன் பிடித்தபோது
பொலிஸ்காரரின் நெஞ்சில்
பெயர்ப்பட்டியின் மேல்
மஞ்சளாய் ஒரு வட்டம் ஆடியது.

பலகையைத் தொட்டுப் பார்த்தார் இஷாக்.
சாறு காணவில்லை.
வெட்டுப்பட்டது பழத்துக்கே தெரியாது போல, என்றார்.
மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு நீட்டினார்.
பொலிஸ்காரர் சாப்பிட்டார்.
இன்னொன்று கேட்டார்.
இரண்டாவதை இன்னும் மெல்லிசாய் வெட்டினேன்,
யாரும் கேட்காமலே. அது என் கர்வம்.

பிறகு வோக்கிடோக்கியில் யாரோ கூப்பிட்டார்கள்.
என் அட்டை அவர் கையில்,
கத்தி பலகையில், ஈரமாய்.
அந்த இரும்புக்குப் புளிப்பு ஆகாது,
வெட்டிய கையோடு துடைக்கவேண்டும்.
ஆனால் சீருடைக்கு முன்னால்
கத்தியை எடுக்கிறேன் என்று கை நீட்ட
எனக்கென்ன விசரா?
நாலு நிமிஷம் நின்றேன்.
முதுகில் உப்புக்காற்று.

அட்டை திரும்பி வந்தது, விரல் பிசுபிசுப்போடு.
கவனமாய்ப் போ, என்றார்.
எதைக் கவனிக்க என்று சொல்லவில்லை.

வெள்ளவத்தையில், குசினி லைட்டுக்குக் கீழே பார்த்தேன்:
கோலமில்லாத அந்தத் தகட்டில்
பெருவிரல் நகமளவு நீலம்.
மயில்கழுத்துச் சேலையை வெயிலில் திருப்பினால் வருகிற நீலம்.
மூவாயிரம் கல்லில் நாலு இழுப்பு, போய்விடும்.
கல்லை ஊறப்போட்டேன்.
குமிழி அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு கல்லை எடுத்துக் காயவைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் பெரிய குக் அலகைத் திருப்பிப் பார்த்தார்.
என்ன கறை?
அன்னாசி.
நாங்கள் அன்னாசி வாங்குவதில்லையே.
இல்லைத்தான், என்றேன்.
ஐஸுக்குள் சூரை வந்திருந்தது,
முப்பது கிலோ,
கண் இன்னும் தெளிவாய்.