நான் இலையுதிர் காலமாம்

உம்ஷ்லாங்கா. கடல் தெரியும் ஆறாம் மாடி.
கண்ணாடி முன் உட்காரவைத்து
தலைமுடியை வெள்ளைத் துணியால் மூடினாள் ப்ரிஷானி
(என் சாயம் கணக்கைக் கெடுக்குமாம்).
தொள்ளாயிரம் ராண்ட். கட்டியது மகன்,
அறுபதாவது பிறந்தநாளுக்கு.

தோளில் ஒரு துணி வைப்பாள், எடுப்பாள்.
சாம்பல் நீலத்தில் நான் நோயாளி.
ரோஜா நிறத்தில் யாரோ.
செங்கல் நிறம் வைத்ததும்
"பாருங்க ஆன்ட்டி" என்றாள்.
மூக்கோரக் கருமை கொஞ்சம் விலகியிருந்தது,
கடன்காரன் நம் வாசலைத் தாண்டிப் போனதுபோல்.

"நீங்க இலையுதிர் காலம்."
எங்கள் டோங்காட்டில் எந்த இலை உதிர்ந்தது?
கரும்பு பச்சையாகவே நிற்கும், கொளுத்தும் நாள்வரை.
உதிர்வதென்றால் அந்தக் கரித்தூள்தான்,
கொடியில் காயும் துணிமேல்.

பிறகு நாடாவை இடுப்பில் சுற்றி
பேரிக்காய் என்றாள்.
ஏன், பலா இருக்கிறதே என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்:
கீழே அடர் நிறம், குறுக்குக்கோடு கூடாது.

நரம்பு பச்சையா நீலமா என்று
மணிக்கட்டைத் திருப்பி
ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனபோது
கை தானாகப் பின்னால் வந்தது.
தோலைப் பார்த்துப் பேரேட்டில் எழுதிய மேசைகள்
இந்த நாட்டில் இருந்தன.
முடியில் பென்சிலைச் செருகி
விழுகிறதா என்று காத்திருந்த கைகளும்.
என் சித்தி ஒருத்தி வேறு பட்டியலில் சேர்ந்தாள்.
அப்புறம் தெருவில் எங்களைக் கண்டால்
கடை ஜன்னல்களைப் பார்ப்பாள், மூடிய கடையானாலும்.

ப்ரிஷானி பிறந்தது அதற்கெல்லாம் பிறகு.
மெல்லத்தான் பிடித்திருந்தாள்.
"பச்சை" என்றாள் சந்தோஷமாக.
"உங்களுக்குத் தங்கம் எடுக்கும்."
அதை என் கல்யாணத்தில் சொல்லியிருக்கலாம்.

விசிறிபோல் விரியும் அட்டை, முப்பது நிறம்.
மஞ்சளில் கடுகு உண்டு, எலுமிச்சை இல்லை.
போனில் காட்டினேன், காவடிக்குக் கட்டும் சேலையை.
உதட்டைச் சுழித்தாள்: "முகத்தை விழுங்குது."
முப்பது வருடமாக முருகன் பார்க்கிறான்,
ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வரும் வழியில் செங்கல் நிறத்தில் சட்டை வாங்கினேன்.
பொருந்துகிறது, பொய் சொல்வானேன்.
"புதுசா?" என்றார் குணசீலன்.
பழசு என்றேன்.

இன்று அதைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.
எங்கோ கரும்பு எரிகிறது.
கறுப்பாய் ஒரு கீற்று மிதந்து வந்து
சட்டையின் தோளில் உட்கார்ந்தது,
எடுக்கிறதா என்று பார்ப்பதுபோல்.