சாம்பல் கோடு

ஸ்பிரிண்டின் மூன்றாம் நாள் உர்மாஸ் போனான்.
மகள் பிறந்திருக்கிறாள், ஒன்றரை வருடம் விடுப்பு.
அவன் குவளையை யாரும் கழுவவில்லை,
அடியில் காப்பி ஒரு வளையமாய் உலர்ந்துவிட்டது.
தாலினில் பிப்ரவரித் தொடக்கம்.
எட்டரைக்கு நாங்கள் நின்றபடி பேசி முடிக்கும்போதுதான்
துறைமுகப் பக்கத்து ஜன்னலில்
வெளிச்சம் மெல்ல எட்டிப்பார்க்கும்.

தீவுகளுக்குப் போகும் படகுகளுக்கு
டிக்கெட் விற்கும் மென்பொருள் எங்களுடையது.
ஐந்து பேர், இரண்டு வாரம், நாற்பத்தொரு கார்டு.

சுவரில் பெரிய திரை.
கழுதை தேய்ந்து கட்டெறும்பாவதை
நாளுக்கு நாள் காட்டவேண்டிய கோடு அதில்.
தினமும் அண்ணாந்து பார்த்தோம்.
இறங்கியிருந்தது, அழகாக,
அளவுகோல் வைத்து இழுத்தாற்போல.
"நல்லாத்தான் போகுது" என்றான் இந்த்ரெக்
வாய் நிறையக் கறுப்பு ரொட்டியுடன்.
தலையாட்டினேன் நானும்.

யார் இறக்குகிறார்கள் என்று கேட்கவில்லை ஒருவரும்.
கேர்ட் என்று நான் நினைத்தேன்.
இந்த்ரெக் என்று கேர்ட்.
இந்த்ரெக் எதையும் நினைத்ததாய்த் தெரியவில்லை.
மேலாளர் ஹெல்யு, பாவம்,
குழு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று
ஏதோ பயிற்சி வகுப்பில் கேட்டதை
அப்படியே நம்பியிருந்தாள்.

எட்டாம் நாள், புதன்கிழமை,
சோதனை செய்யும் மெரிகே
திரையருகே போய் மூக்கு உரச நின்றாள்.
கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தாள், அவ்வளவுதான் காரணம்.
"இது நம்ம கோடே இல்லையே."

கருவி தானாக வரைந்துவைக்கும் சாம்பல் கோடு அது.
எல்லாம் நினைத்தபடி நடந்தால்
எப்படி இறங்கும் என்று முதல் நாளே போட்டுவிடும் ஆசைக் கோடு.
வரப்போகும் வெள்ளிக்கிழமை வரைக்கும் நீண்டு
பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.
அது உறுத்தவில்லை எங்களில் எவருக்கும்.

எங்கள் கோடு நீலம்.
உர்மாஸை வழியனுப்பக் கட்டிய காகிதத் தோரணத்துக்குப் பின்னால்
முப்பத்தெட்டில்
நீட்டி நிமிர்ந்து படுத்துக்கிடந்தது.

ஐந்து பேரும் அவன் காலி நாற்காலியைப் பார்த்தோம்.
பிறகு மெரிகேயைப் பார்த்தோம்.
"கண்ணில் பட்டது என் குற்றமா?" என்றாள்.
"கண்டுபிடித்தவள் தலையில் கட்டுவீர்கள், தெரியும்.
மாட்டேன்."

கேர்ட்டின் அண்ணனுக்கு
கடல் உறையும் மாதங்களில் பனிச்சாலையில் வேலை.
விடிந்ததும் துளைபோட்டு,
பனி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதுவான்.
அவனுக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்,
பேச்சை வேறு பக்கம் திருப்பத்தான்.
"வேறு யாராவது அளப்பார்கள்.
ஆளில்லையென்றால் சாலையை மூடுவார்கள்.
நேற்றுத் தாங்கியதே என்று
வண்டியை இறக்குவார்களா என்ன?"

பேச்சு திரும்பவில்லை.

சொல்லிவிடுகிறேன்.
புயலில் ரத்தான பயணத்துக்குப்
பணம் திருப்பும் கார்டு என்னுடையது.
ஒவ்வொரு காலையும் "கிட்டத்தட்ட முடிந்தது" என்றேன்.
வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய்,
அன்று காலையும்கூட.
ஐந்து கிட்டத்தட்ட சேர்ந்தும்
ஒருவருக்கும் ஒரு யூரோ திரும்பவில்லை.
யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்
என்றுதான் இருந்தேன்.
கேட்பது உர்மாஸின் வேலையாயிற்றே.

எழுந்து போய் என் கார்டை இழுத்து
இடப்பக்கக் கடைசியில்,
தொடங்காதவற்றோடு வைத்தேன்.
மிச்ச வேலையையும் உள்ளபடி திருத்தினேன்.
நீலக் கோடு மூன்று புள்ளி மேலே ஏறியது.
ஏறும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

இந்த்ரெக் தொண்டையைச் செருமினான்.
"என்னுடையதும் ஒன்று... இரண்டு."
மறுபடி ஏறியது.
தோரணத்தை அவிழ்க்க ஸ்டூல் தேடிப்போனாள் ஹெல்யு.

படகு நிறுவனத்துக்கு அன்று மாலையே எழுதினோம்,
வெள்ளிக்குள் எவை வரும், எவை வராது என்று.
யார் கையெழுத்திடுவது என்பதில் கொஞ்சம் இழுபறி.
கடைசியில் ஐந்து பெயரும் போட்டோம்.

குவளை மட்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.