பத்தில் இரண்டு

சியாலா முதல் நாள் வந்தபோது
காலணியைக் கழற்றினாள், காலுறையைக் கழற்றவில்லை.
"சாயம் பூசியிருக்கிறேன்," என்றாள்,
கடன் இருக்கிறது என்பதைப் போல.

பத்து விரலிலும் மாதுளைச் சிவப்பு. மூன்று பூச்சு.
அசிட்டோன் பஞ்சால் துடைக்கத் துடைக்க
அடியில் மஞ்சள் வந்தது, அப்புறம் பழுப்பு,
கட்டைவிரலில்
தொட்டால் உதிரும் பழஞ்சுவர்.
அவள் சன்னலுக்கு வெளியே
குரா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகமும் சதையும் போல என்று சொல்கிறோம்.
அந்த இரண்டுக்கும் நடுவில்
வாடகை தராமல் ஒரு குடித்தனம்
பதினோரு வருடமாக.

திபிலிசியின் கந்தகக் குளியல் கூடத்தில்
ஆட்களைத் தேய்த்துவிடுவது அவள் வேலை.
செங்கல் கூரைக்குக் கீழே, வெந்நீர் ஓடும் கல்தரையில்,
காலை எட்டிலிருந்து வெறுங்காலோடு.
நான் ராவும்போது சொன்னாள்:
"தூதரகத்து அம்மாவோ, ஆப்பிள் விற்கிறவளோ,
உரையைப் போட்டு முதுகில் இழுத்தால்
ஒரே சாம்பல் நிறம், ஒரே திரி திரி.
நகத்தை மட்டும் நான் யாருக்கும் பார்ப்பதில்லை."
கொஞ்சம் கழித்து,
"பார்ப்பேன். சொல்ல மாட்டேன்."

இரண்டு பேரும் பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டோம்.
சுட்டால் சொல்லுங்கள் என்றேன்.
சொல்லவில்லை.
கருவி டிக் டிக்கென்று நகத்தில் வரிசை வரிசையாக
ஏர் ஓட்டியது. முடி கருகும் வாசனை.
வெந்நீரிலேயே வெந்து பழகிய உடம்பு,
அதன் வாயை நம்ப முடியாது.
அவள் கைமுட்டியைப் பார்த்துப் பார்த்து
நானாகத்தான் நிறுத்தினேன்.

"போய்விடுமா?"

சுவரில் ஒட்டிய காகிதம் பத்தில் ஒன்பது என்கிறது.
கருவியைத் தவணையில் வாங்கிய டாக்டர் ஒத்தார்
காப்பி குடிக்கும்போது பாதிக்குப் பாதி என்பார்,
மழை நாளில் இன்னும் குறைப்பார்.
ஒரு தடவைக்கு அவளது ஒரு வாரச் சம்பளம்.
"நகம் வளர வேண்டும்," என்றேன்.
பொய்யில்லை. பதிலும் இல்லை.

ஒளி ஒரு கணத்தில் வந்து போய்விடுகிறது.
நகத்துக்கு அப்படி அவசரமே கிடையாது.
மாதத்துக்கு ஓர் எள் அகலம்.
நவம்பரில் எள். புத்தாண்டுக்கு எள்.
குளியல் கூடத்தில் ரப்பர் செருப்பு கட்டாயம் என்று
ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.
"வழுக்கும்," என்றாள் ஒவ்வொரு தடவையும்.
நான்காம் தடவை வந்தவள்
ஐந்தாவதுக்கு வரவில்லை.
அவள் பெயருக்கு நேரே ஒத்தார் ஒரு கோடு போட்டார்.

ஜூன் மாதம் நானே போனேன்.
முதுகு வலி என்று சொல்லிக்கொண்டேன்.
அழுகிய முட்டை நாற்றத்தில், ஈரக் கல்லின் மேல்
குப்புறப் படுத்திருந்தேன், ஒன்றுமில்லாமல்.
முரட்டு உரை ஒன்று தோளிலிருந்து இறங்கியது.
என்னிடமிருந்தும் சாம்பல் திரிதான்.
"நின்று நின்று உன் இடது குதிகால்
வெடித்திருக்கிறது, பிள்ளை,"
குரலில் தெரிந்துகொண்டேன்.

கல்லின் விளிம்பில் கன்னத்தை வைத்துப் பார்த்தால்
நேர் எதிரே அவள் பாதங்கள்.
எட்டு விரலில் மாதுளைச் சிவப்பு,
நனைந்து பளபளவென்று.
இடது கட்டைவிரலிலும் அதன் அடுத்ததிலும்
சாயமே இல்லை.
வேரிலிருந்து பாதிவரை
தேங்காய்த் தண்ணீர் நிறத்தில் ஒரு நகம்,
நுனியில் மட்டும் பழைய பழுப்பு,
காலி செய்யாத கடைசிச் சாமான் போல.
இன்னொன்றில் கால்வாசி.

மறைக்காமல் விட்டிருந்தாள்.

அதைச் சொல்லியிருக்கலாம்.
தொழில் புத்தி, வாய் முந்திக்கொண்டது:
"செருப்பு எங்கே, சியாலா?"

சிரித்தாளா என்று தெரியவில்லை.
ஒரு முழு வாளி வெந்நீரை
தலையோடு கவிழ்த்தாள்.