இரண்டடி

முதல் கட்டம்: விழுந்த உயரம்.
இரண்டடி என்று எழுதுகிறேன்.
இரண்டடிக்கு இவ்வளவு அடியா என்று
மினியாபோலிஸில் உட்கார்ந்திருக்கும் காப்பீட்டுக்காரர் கேட்பார்.

பெயர் ஓர்வில் ட்வெய்ட். வயது ஐம்பத்தெட்டு.
இருபது லட்சம் மைல் விபத்தின்றி ஓட்டியதற்குக்
கம்பெனி தந்த தொப்பி
இன்னும் வெளியே பனியில் கவிழ்ந்து கிடக்கிறது.
மலைச்சரிவில் வழுக்கிய பதினெட்டுச் சக்கரங்களை
ஒரு காலால் நிறுத்தியவர்.
ஃபார்கோவில், வண்டி நின்று,
எஞ்சின் அடங்கி,
விளக்கும் அணைந்த பிறகு
கடைசிப் படியில் கால் வைத்தார்.

யாரோ மரத்தட்டைக் கீழே போட்டார்கள் என்று நினைத்து
நான் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

காலணி: புதியது.
வெளிச்சம்: போதும்.
கையில் ஏதேனும் இருந்ததா?
இருந்தது. சரக்குச் சீட்டு.
இறங்கும்போதே கையில் கொண்டு வாருங்கள்,
மறுபடி ஏறி எடுக்கவைக்காதீர்கள் என்று
சொன்னது நான்.
இரு கை ஒரு கால், அல்லது இரு கால் ஒரு கை,
எப்போதும் மூன்று பிடிமானம் என்ற சுவரொட்டியை
ஒட்டியதும் நான்.

இடுப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கிடந்தவர்
கத்தவில்லை.
“சீட்டு நனைந்துவிட்டதா பார்” என்றார்.
என் கோட்டைப் போர்த்தினேன்.
ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிடம்.
அவர் மீசையில் விழுந்த பனி
முதலில் உருகியது,
பிறகு உருகவில்லை.

பதினோராவது கட்டம்:
தரையில் உப்பு தூவப்பட்டிருந்ததா?

உப்பு மூட்டை
ஓய்வறைக் கதவடியில் இருந்தது.
செவ்வாய்க்கிழமையிலிருந்து.
கதவு சும்மா சும்மா அடித்துச் சாத்துகிறதே என்று
நான்தான் இழுத்துவந்து முட்டுக்கொடுத்தேன்.
வாய்த்தையல்கூடப் பிரிக்கவில்லை.

ஐந்து மணிக்கு மேனேஜர் கோஸ்டெலெக்கி போன் செய்தார்.
படம் எடுக்க ஆறுக்கு வருகிறாராம்.
“அதற்குள் தரையைக் கொஞ்சம் கவனித்துவிடு, மார்லிஸ்.”

கவனித்தேன்.
மூட்டையைப் பிரித்து, குளிரில் விரல் மரக்க,
படியடியிலிருந்து வாசல்வரை
தாராளமாக.
நடந்தால் நறநறக்கிறது இப்போது.
குழந்தை ஓடினாலும் விழாது.

தூவப்பட்டிருக்கிறதா என்று கேட்டிருந்தால்
ஆம் என்று எழுதிவிடலாம்,
பொய்யில்லை.
இருந்ததா என்கிறது படிவம்.

முட்டு இல்லாத கதவு
படாரென்று சாத்துகிறது.
ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே பார்க்கிறேன்.
ஐந்து ஐம்பது.
தொப்பியை எடுத்து ஹீட்டர்மேல் வைத்தேன்.
இல்லை என்று எழுதி,
எதற்கும் இருக்கட்டும் என்று
இரண்டுமுறை அடிக்கோடிட்டேன்.