நீக்கப்பட்ட வரி

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
டெல்லித் தாள் வந்தால்
நர்ஸ் அறைச் சுவரில் ஒட்டுவது என் வேலை.
பழையதைக் கிழிக்கமாட்டேன்,
மேலேயே ஒட்டுவேன்.
செல்லோடேப் தீர்ந்து கடையெல்லாம் அடைத்துக் கிடந்ததால்
நான்கு மூலைக்கும் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி.

முதல் தாளில் அதிகம் இல்லை.
காய்ச்சலுக்கு பாரசிட்டமால், மூச்சுக்கு ஆக்சிஜன்.
இரண்டு முறை நெகட்டிவ் வந்தால் வீடு.
ஸ்டீராய்டு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம்.
பிறகு மலேரியா மாத்திரை வந்தது, போனது.
பிறகு குப்புறப் படுக்க வை என்றது.
"எதுக்காக்கும் சிஸ்டர் கவுத்திப் போடுதிய?"
கேட்ட கொட்டில்பாட்டுக்காரர்
அரை மணியில் தொண்ணூற்று நாலு காட்டினார்.
மழைக்காலத்து வள்ளங்கள்போல்
வார்டு முழுக்க முதுகுகள்.

தாள் மாறும் இரவுகளில்
டாக்டர் செர்லின் விண்ணரசி
மாறிய வரிக்கு அடியில் பச்சைக் கோடு இழுப்பாள்.
"அப்போ நேற்றுச் சொன்னது தப்பா டாக்டர்?"
"நேற்றைக்கு அது சரி."
கை கழுவிவிட்டு வந்து,
"தெரியலை" என்றாள்.

தாணுமாலயன். தோவாளை. பிச்சிப்பூ வியாபாரம்.
பதினாலாம் கட்டில்.
ஆனி ஒன்றாம் தேதி விடியற்காலை.

ஆனி பதிமூன்றில் புதுத் தாள்:
ஆக்சிஜனில் இருப்பவருக்கு டெக்ஸாமெத்தசோன்
தினம் ஆறு மில்லிகிராம்.
அலமாரியில் இரண்டாம் தட்டில் இருந்தது.
முன்பும் இருந்தது.
ஒரு ஊசி ஒரு சாயா காசு.

பச்சைக் கோடு அன்று நேராக விழவில்லை.

புரட்டாசியில் பிளாஸ்மா.
கொடு என்று தாள் சொல்லவில்லை.
கொடுக்கலாம் என்றது.
அந்த 'லாம்'தான் இனயத்துக் கொரற்றியைத்
திருவனந்தபுரம் வரை ஓடவைத்தது.
செயின் விற்ற பணம் ஜாக்கெட்டுக்குள்.
திரும்பும் வழியில் களியக்காவிளைச் சாவடியில்
பாஸ் சரியில்லையென்று நாலு மணி நேரம்.
வந்தபோது சேசடிமையின் கட்டிலுக்கு
பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தோம்.
"கொறச்சு நேரத்தே வந்திருந்தா?"
ஐஸ்பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.
நான் பேசவில்லை.
எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வைகாசி. இரண்டாம் அலை.
இரண்டு கட்டிலுக்கு நடுவிலும் ஆள்.
புதுத் தாளில் பிளாஸ்மா இல்லை.
அடித்துக் காட்டவில்லை, காரணம் எழுதவில்லை.
இருந்த இடத்தில்
அடுத்த வரி ஏறி உட்கார்ந்திருந்தது.
இல்லாத வரிக்கு எங்கே கோடு போடுவது?
செர்லின் பேனாவை மூடினாள்.

ஆடியில் வார்டு ஓய்ந்தது.
லீவு எடுத்துக்கொண்டு இனயம் போனேன்.
தூண்டில் வளைவுக்குப் பக்கத்து வீடு.
கடல் கல்லில் அடிக்கிற சத்தத்துக்கு மேலே
குரலை உயர்த்த வேண்டியிருந்தது.
"அதில் பலன் இல்லையாம்.
நிறையப் பேருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள்.
நீ நேரத்தே வந்திருந்தாலும்..."
"அப்போ நான் பிந்துனதுனால இல்ல?"
"இல்லை."
"எழுதிட்டாவளா?"
"எழுதியிருந்ததை எடுத்துட்டாங்க."
கொரற்றி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.
ரொம்ப நேரம் கழித்துக் கட்டஞ்சாயா கொடுத்தாள்.
சீனி போட மறந்திருந்தாள்.
குடித்தேன்.

திரும்பி வடசேரியில் இறங்கியபோது
தோவாளை பஸ் உறுமிக்கொண்டு நின்றது.
"ஏறுதியளா?" என்றார் கண்டக்டர்.
தாணுமாலயன் வீட்டில் யாரும்
என்னிடம் எதுவும் கேட்டதில்லை.
ஒன்றாம் தேதிக்கும் பதிமூன்றுக்கும் நடுவில் உள்ள நாட்கள்
அவர்கள் காலண்டரில் வெறும் நாட்கள்.

நான் ஏறவில்லை.
பஸ் போன பிறகு
பிச்சிப்பூ மணம் வந்ததாகச் சொல்ல ஆசைதான்.
டீசல் நாற்றம்.