ஆறு என்று சொன்னேன்

ஹே. யாரையோ கூப்பிடுவதுபோல ஓர் ஊரின் பெயர்.
நான் போய்ச் சேர்ந்தபோது நாற்பத்து மூன்று டிகிரி.
நீச்சல்குளத்துக்குப் பின்னால் இரண்டு சார்ஜர்கள்.
ஒன்றின் கழுத்தில் மஞ்சள் நாடா.
மற்றதில் ஒரு வெள்ளைக் கார், தொண்ணூற்றொன்பதில்,
சொந்தக்காரர் எங்கோ மதியச் சாப்பாட்டில்.

பெட்ரோல் பங்க்கில் வரிசைக்கு ஓர் உடம்பு உண்டு,
முன்னால் பம்பர், பின்னால் ஹார்ன்.
இங்கே அது மனதுக்குள் நிற்கிறது.
யார் முதலில் வந்தது என்று
அந்த ஒற்றை யூகலிப்டஸைத்தான் கேட்கவேண்டும்.

அதன் நிழலில் ஒரு நீலக் கார்.
கதவைத் திறந்துபோட்டுக் கால்களை வெளியே நீட்டியிருந்தாள் ஒருத்தி.
பின்சீட்டில் நாய், ஈ விரட்டவும் தெம்பில்லாமல்.
எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை,
இங்கே வந்து எத்தனை வருஷம் என்றும்.
"எத்தனை வச்சிருக்கே?" என்றாள்.

பத்தொன்பது வைத்திருந்தேன்.
நாளைக் காலை எட்டரைக்கு மில்டூராவில்
லீவில் போன ஒருவரின் மருந்துக்கடையை நான் திறக்கவேண்டும்.
"நீங்கள்?"
"ஏழு."
"ஆறு" என்றேன்.

மாத்திரை எண்ணிப் பிழைப்பவள் நான்.
ஒன்று குறைந்தாலும் கொட்டித் திரும்ப எண்ணுவேன்.

"அப்ப நீ முதல்ல."

வெள்ளைக் கார்க்காரர் பல்லைக் குத்திக்கொண்டே வந்து கிளம்பினார்.
கேபிள், நனைந்த ஜமுக்காளத்தின் கனம்.
செருகினேன். மெஷின் செருமியது, யோசித்தது,
பிறகு தாம்பாளம் அகலத் திரையில்
தெருவுக்கே தெரிகிற பச்சையில் எழுதிக் காட்டியது:

19%

முதுகால் மறைக்கப் பார்த்தேன்.
அவள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள்.
"நல்ல வேகமான மெஷின்" என்றாள்.
திரும்பிப் போய் நாய்க்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அவள் பெயர் தெரியாது.
நாயின் பெயர் பிக்கிள், கிண்ணத்தில் எழுதியிருந்தது.

அப்புறம் நாற்பது நிமிடம்.
குளத்தில் பிள்ளைகள் தொம் தொம்மென்று குதித்தார்கள்.
பத்தொன்பது இருபதானது. இருபது, இருபத்தொன்று.
ஒவ்வொன்றையும் இரண்டு பேரும் பார்த்தோம்.
முப்பதில் பிடுங்கி அவளிடம் கொடுத்திருக்கலாம்.
கொடுக்கவில்லை.
முப்பத்தைந்திலும் அதையே நினைத்தேன்.
அறுபத்து மூன்றில் பிடுங்கினேன்,
அதற்குமேல் அங்கே நிற்கமுடியாமல்.
கைப்பிடி சுட்டது. அவள் வாங்கிச் செருகினாள்.

ஏழு.
ஏழேதான்.

பால்ரனால்டில் இருட்டிவிட்டது, ஒரே ஒரு சார்ஜர்.
எனக்குப் பின்னால் வந்து நின்ற தலைப்பாகைக்காரர்
கண்ணாடியை இறக்கி "எத்தனை?" என்றார்.
"இருபத்திரண்டு. வேண்டுமானால் வந்து பாருங்கள்."
ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.
நான் உள்விளக்கைப் போட்டு
அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்தேன்.