நடப்புக் கணக்கு

பதினான்காம் எண் அறை. தெண்டுப், வயது நாற்பத்தொன்று.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
இடது இடுப்பு என்று நான்தான் எழுதினேன்.
கோட்டை அகழிக்கே வியர்க்கிற மே மாதம்.
மலைநாட்டுக்காரர், ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு
மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் நாட்டுப் பணமும் நம் பணமும்
ஒன்றுக்கு ஒன்று, சமம்.
ஆனாலும் காந்தி ரோடு டீக்கடைக்காரர்
அந்த நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கிறார்.
சமமாக இருப்பது வேறு, செல்லுபடியாவது வேறு போலிருக்கிறது.

அறுவை முடிந்து ஒன்பதாம் நாள்
சாயங்காலம் கரண்ட் போனபோது பேச்சு வந்தது,
அவர் ஓட்டை இந்தியில், நான் லாட்ஜ் இந்தியில்.
அவர் வேலை, தங்கள் அரசு வங்கியில்
நாட்டுக்கு வந்ததையும் போனதையும் எதிரெதிரே எழுதிக் கூட்டுவது.
மின்சாரம் விற்றது இந்தப் பக்கம்.
அரிசி, டீசல், லாரி, சிமெண்டு அந்தப் பக்கம்.
பிறகு, பொடி எழுத்தில், வெளியூர் வைத்தியம்.
எல்லாம் கழித்தால் நாட்டின் மொத்தச் சம்பாத்தியத்தில்
நூற்றுக்கு இருபத்திரண்டு குறைகிறதாம்.

சவாரிக்குக் காத்திருந்த முனிரத்தினம்
என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான்.
"நூறு சம்பாரிச்சா நூத்தி இருபத்திரெண்டு செலவா?
இதுக்குப் போயா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீறாரு?
எங்க வூட்டுக் கணக்க ஒருவாட்டி காட்டும்மா அவருக்கு."
நான் மொழிபெயர்க்கவில்லை.
அந்தக் குரலுக்கே தெண்டுப் சிரித்தார்.
பிறகு சொன்னார்: அடுத்த காலாண்டு அட்டவணையில்
அந்தப் பொடி எழுத்து வரியில் நானும் இருப்பேன்,
என்னையும் நான்தான் கூட்ட வேண்டும்.

தமிழில் அதை நடப்புக் கணக்கு என்போம் என்றேன்.
நடப்பு என்றால்?
எழுந்து வாசல்வரை நடந்து காட்டினேன்.
அவர் தன் வாக்கரைப் பார்த்தார்.
பற்று என்றால்?
அதை நடித்துக் காட்ட வரவில்லை.
கொடுக்க வேண்டியதை எழுதுகிற பக்கம் என்றேன்,
விடாமல் பிடித்துக்கொள்வதற்கும் அதே சொல்தான்.
மாடிப்படி ஏறுகையில் அவர் மனைவி
அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

ராத்திரி பில் போடும்போது யோசித்தேன்.
அவர் இடுப்புக்குள் இருக்கிற உலோகப் பந்தும்
எங்கிருந்தோ கப்பலேறித்தான் வேலூருக்கு வந்தது.
அவருடைய பற்று நமக்கு வரவாகி,
அறை எடுக்காமல் ஒரு ராத்திரி தங்கி,
நம் பற்றாகி மறுபடி கிளம்பிவிடுகிறது.
மஸ்கட்டில் என் தம்பி மோசஸ் லாரி டயர் மாற்றுகிறான்.
அவன் அனுப்புவது நம் பக்கம் வரவு.
மூன்று கிறிஸ்துமஸ் அவன் இல்லாமல் போனதை
எந்தப் பக்கம் எழுதுகிறார்கள் என்று
தெண்டுப்பைக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

இருபத்தாறாம் நாள் காட்பாடியில் ரயில்.
பாலாற்றுப் பாலத்தில் போகும்போது அவர் கேட்டாராம், ஆறு எங்கே?
"கீழ ஓடுதுன்னு மணல கை காட்டுனேன்.
பெரிய ஆபீசரு மாதிரி தலையாட்டிக்கினாரு,"
முனிரத்தினம் திரும்பி வந்து சொன்னான்.

வாக்கரை விட்டுவிட்டுப் போயிருந்தார்.
மாடிப்படிக்குக் கீழே அதில் இப்போது
அறைத் துண்டுகள் காய்கின்றன.
அவர் மனைவி என் மேசையில் வைத்துப் போனது
அரை கிலோ வற்றல் மிளகாய்,
கல்லாட்டம் காய்ந்த பாலாடைக்கட்டி ஒரு சரம்.
அட்டவணையின் கடைசி வரியைப் பற்றிச் சொல்லியிருந்தார்:
எத்தனை முறை கூட்டினாலும் இரண்டு பக்கமும் ஒத்துவராது,
மிச்சத்தைப் பிழையும் விடுபட்டதும் என்று எழுதிக்
கோடு போட்டுவிடுவோம்.

எங்கள் பதிவேட்டில் புறப்பட்ட நேரத்துக்குக் கட்டம் உண்டு,
புறப்பட்ட விதத்துக்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால், நடந்து, என்று எழுதினேன்.
முதலாளி பார்த்தால் அழித்துவிடுவார்.